அருளடையாளங்களை யார் நிறைவேற்றலாம்? கேள்வி பதில்

(பினாங்கில் தமிழ்த் திருப்பலிக்கு வருவோர் எழுதித் தந்த கேள்விகளுக்கு, நெடுங்காலம் மறைக்கல்வி கற்பித்தவன் என்ற முறையில் விடை எழுதுகிறேன். திருமுழுக்கு என்னும் ஞானஸ்நானம், நற்கருணை, திருமணம் போன்ற, இறையருளைத் தரும் திருச்சபைச் சடங்குகளே அருளடையாளங்கள்.)

கேள்வி: நான் தாதி, இந்து. குறைமாதக் குழந்தை ஒன்று பிழைக்காது என்ற நிலையில், அதன் கத்தோலிக்கத் தாய் என்னையே ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அது செல்லுமா? (பட்டர்வொர்த்)

செல்லும், அம்மா. திருமுழுக்கு வழங்குவது ஆயர், குருவானவர், குருவானவருக்கு அடுத்த நிலையிலுள்ள திருத்தொண்டர் ஆகியோரின் பணியே எனினும், உயிருக்கு ஆபத்தான நேரத்தில் எவரும், திருமுழுக்குப் பெறாதவரும் கூட, அதை வழங்கலாம் என்பதை 1439-இல் புளோரன்ஸ் பொதுச்சங்கம் தெளிவாக எழுதி வைத்தது. உங்களுக்குக் கிறிஸ்தவ நம்பிக்கை இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. திருச்சபை எதைச் செய்கிறதோ அதைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும். இன்குபேட்டருக்குள் கை நுழைத்துச் செய்யும்போது ஊசியில்லாத சிரிஞ்சில் சில துளி நீர் எடுத்து, அது தலைத்தோலில் வழிந்தோடும்படி விட்டு, அதே கணத்தில் நீங்களே "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் ஐயத்துக்கு இடமாகிவிடும். குழந்தை பிழைத்திருந்தால், விடுபட்ட சடங்குகளை மட்டும் பின்னர் கோயிலில் நிறைவு செய்வார்கள். மறுபடியும் நீர் ஊற்றமாட்டார்கள். எப்படியாயினும் பங்கு அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள், பதிவேட்டில் ஏற வேண்டும்.

கேள்வி: என் மகனும் மருமகளும் கோயிலை மறந்துவிட்டார்கள். பேரனைக் குளிப்பாட்டும்போது நானே ஞானஸ்நானம் கொடுத்துவிடவா? (ஆயர் ஈத்தாம்)

நீரும் சொற்களும் எண்ணமும் சரியாக இருந்தால் அது செல்லும். ஆனால் செய்யக் கூடாது. செல்லுபடியாவது வேறு, முறைப்படி நடப்பது வேறு என்பதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும் என்றும், பிள்ளை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்க வேண்டும் என்றும் திருச்சபைச் சட்டம் கேட்கிறது. சாகும் தறுவாயில் மட்டுமே விலக்கு உண்டு. கொழுகொழுவென்று இருக்கும் பேரனுக்கு அந்த விலக்கு பொருந்தாது, பாட்டி, மகனிடம் பேசுங்கள்.

கேள்வி: பாவ வாழ்க்கை வாழும் குருவானவர் வைக்கும் பூசை செல்லுமா?

செல்லும். நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில், பாவியான குருக்கள் நிறைவேற்றுவது செல்லாது என்று தொனாத்துவாதிகள் என்ற குழுவினர் பிரிந்து போனார்கள். அவர்களுக்கு, கல் வாய்க்கால் தனக்கென எதையும் பெறாவிட்டாலும் அதன் வழியே போகும் நீர் தோட்டத்தை அடைகிறது என்று புனித அகுஸ்தீனார் விடை சொன்னார். வழங்குபவர் கிறிஸ்து. அந்தக் குருவானவர் தம் பாவத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியது தனி.

கேள்வி: அப்படியானால் திருமுழுக்கு அளிக்கும்போது "நான்" என்பதற்குப் பதில் "நாங்கள்" என்று ஒரு குருவானவர் சொன்னால் மட்டும் ஏன் செல்லாது?

வாய்க்காலின் தூய்மையைப் பொறுத்தது அல்ல இது; அடையாளத்தையே மாற்றுவது. திருமுழுக்கு அளிப்பது கூடியிருக்கும் குழு அல்ல, பணியாளர் வழியாகக் கிறிஸ்துவே என்பதால், அப்படிப் பெற்றவர்கள் புதிதாகப் பெற வேண்டும் என்று 2020-இல் வத்திக்கான் அறிவித்தது. கடுமையான தீர்ப்பாகத் தோன்றலாம். எனக்கு அது நேர்மையாகவே படுகிறது.

கேள்வி: நான் வீடுவீடாக நற்கருணை கொண்டு செல்லும் பொதுநிலையினர். நோயாளிக்கு எண்ணெயும் பூசலாமா? (சுங்கை டுவா)

கூடாது. பூசினாலும் அது அருளடையாளம் ஆகாது. நோயாளிக்கு எண்ணெய் பூசும் அருளடையாளமான நோயில்பூசுதலை (பழைய பெயர் அவஸ்தைப்பூசுதல்) ஆயரும் குருவானவரும் மட்டுமே அளிக்க முடியும். திருத்தொண்டருக்கும் அந்த அதிகாரம் இல்லை. மூப்பர்களை அழைக்கட்டும் என்கிறது யாக்கோபு திருமுகம் (5:14). திருப்பயண எண்ணெய் என்று வாங்கி வந்ததை வீட்டில் பக்தியோடு தடவிக்கொள்வது வேறு விஷயம். நோயாளி அதையே அவஸ்தைப்பூசுதல் என்று எண்ணிவிடாதபடி நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: திருமணத்தை நிறைவேற்றுபவர் குருவானவர்தானே?

நம் இலத்தீன் வழிபாட்டு முறையில் மணமக்களே ஒருவருக்கொருவர் வழங்குகிறார்கள்; குருவானவர் திருச்சபையின் பெயரால் சம்மதத்தைக் கேட்டு ஏற்கிறார். கீழைத் திருச்சபைகளில் குருவானவரின் ஆசியும் இன்றியமையாதது.

கேள்வி: குருத்துவப் பணியை விட்டு விலகியவர் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கலாமா?

வழக்கமாக முடியாது, குருத்துவம் அழியாவிட்டாலும், மன்னிப்பு வழங்கும் அதிகாரத்தைத் திருச்சபை தனியே தர வேண்டும். ஆனால் ஒருவர் சாகக் கிடந்தால், பக்கத்தில் முறையான குருவானவர் நின்றாலும் கூட, விலகியவர் தரும் பாவமன்னிப்பு செல்லும்.