பட்டறைப் பதில்கள்: ஆயில் எங்கே போச்சு?

கொண்டலாம்பட்டியில் என் கொட்டகையில் நிற்கும் குட்டி ரேஸ் காரின் எஞ்சினை இரண்டாவது தடவையாகப் பிரித்துக் கட்டுகிறேன் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். லாரி கிளட்ச் பற்றி இரண்டு பக்கம் எழுதியபோது வராத கடிதங்கள் அந்த ஒரு வரிக்கு வந்துவிட்டன. சரி, இந்த மாதம் முழுக்க அந்தக் காருக்கே.

அது என்ன கார் அண்ணே? எந்தக் கம்பெனி?
_பாலிடெக்னிக் மாணவர், சூரமங்கலம்_

கம்பெனி ஏது தம்பி? குழாய் ஃபிரேம், இரண்டு சீட்டு. கூரையும் கிடையாது, கதவும் கிடையாது. 1957-ல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவனின் ஜாடை. 1973-லிருந்து அதைக் கேட்டர்ஹாம் கம்பெனி செய்துவருகிறது. அவர்களுடைய 170 மாடல் வெறும் 440 கிலோ, உள்ளே சுசூகியின் 660 சிசி டர்போ எஞ்சின். நம் கார் அவ்வளவு ஒல்லி இல்லை, 560 கிலோ. லாரி எடைமேடையில் ஏற்றியபோது அங்கே உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்து, "மீதி வண்டி எங்கேங்க?" என்றார்.

எஞ்சின் மாருதி எஸ்டீமின் 1.3 லிட்டர். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5, மொத்தம் 1298 சிசி, 16 வால்வு. கியர்பாக்ஸ் ஜிப்சியுடையது. சாமான் சேலத்திலேயே கிடைக்கும், கை தவறிக் கெடுத்தாலும் இன்னொன்று வாங்கலாம். நான் கெடுத்தேன், வாங்கினேன். அதைக் கீழே சொல்கிறேன்.

நானும் என் தோழிகளும் கல்லூரிப் போட்டிக்காக ஒரு எஞ்சினைக் கட்டப் போகிறோம். கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான். முதலில் எதை வாங்குவது? கேம்ஷாஃப்ட்டா, ஃபோர்ஜ்டு பிஸ்டனா?
_மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவி, அஸ்தம்பட்டி_

இரண்டும் வேண்டாம் கண்ணு. ஒரு நல்ல மைக்ரோமீட்டர், சிலிண்டரின் உள்விட்டம் அளக்க ஒரு போர் கேஜ், போல்ட்டை அளவோடு முறுக்க ஒரு டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். மிச்சம் இருந்தால் வால்வைத் திறந்து மூடும் கேம் பற்றிப் பேசலாம்.

நம் ஊரில் கிராங்க் தண்டைச் சாணை பிடிப்பவர்கள், சிலிண்டரைக் குடைபவர்கள் கைதேர்ந்தவர்கள்தான். ஆனால் சங்ககிரி லாரிகளையும் திருச்செங்கோடு ரிக் வண்டிகளையும் பார்த்துப் பழகிய கை அது. பெரிய டீசல் எஞ்சின் தாங்கிவிடும் அளவுப் பிசகு இந்தச் சின்ன எஞ்சினை நிமிஷத்துக்கு 7000 சுற்றில் கொன்றுவிடும். அதனால் வேலை முடிந்து வந்த ஒவ்வொன்றையும் நாமே அளந்து எழுதி வைக்க வேண்டும். சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக. பிஸ்டன் ரிங்கின் வாய் இடைவெளிக்குப் பொதுவான கணக்கு, போர் அளவில் ஆயிரத்தில் நாலு பங்கு. 74 மி.மீ. போருக்கு 0.3 மி.மீ. வரும். பேரிங் இடைவெளிக்கு, அதற்குள் சுழலும் கிராங்க் பகுதியான ஜர்னலின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 42 மி.மீ. ஜர்னலுக்கு 0.04.

இந்த இடத்தில் சேலத்து வெயில் ஒரு வேலை காட்டும். முதல் தடவை கட்டியது ஏப்ரல் மாதம். பிஸ்டன் பார்சல் வாசல் திண்ணையில் வெயிலில் கிடந்தது. ஆசை தாங்காமல் பிரித்த கையோடு அளந்தேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து அதே பிஸ்டனை அளந்தால் 0.02 மி.மீ. குறைகிறது! மைக்ரோமீட்டரைத் திட்டினேன், அப்புறம் என் கண்ணாடியைத் திட்டினேன். கடைசியில் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அலுமினியம் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு 22 மைக்ரான் போல நீளும். 74 மி.மீ. பிஸ்டன் 13 டிகிரி கூடுதலாகச் சூடானால் சரியாக அந்த 0.02 வந்துவிடுகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விடப்போகும் இடைவெளியே 0.05தான். அதில் ஐந்தில் இரண்டு பங்கை வெயில் தின்றுவிட்டது.

உலகம் முழுக்க அளவெடுப்பதற்கு வைத்திருக்கும் வெப்பநிலை 20 டிகிரி. நமக்கு அது மார்கழி விடியற்காலையில்தான் கிடைக்கும். அதனால் நான் செய்வது இதுதான்: பிளாக், பிஸ்டன், மைக்ரோமீட்டர் மூன்றையும் ஒரே மேசையில் ராத்திரி முழுக்கக் கிடத்திவிட்டு, காலை ஐந்தரைக்கு, காப்பி குடிக்கும் முன்னால் அளப்பேன். பிஸ்டனை வெறுங்கையில் ரொம்ப நேரம் பிடிப்பதில்லை, உள்ளங்கையும் சூடுதான்.

மொத்தம் எவ்வளவு செலவு ஆச்சு?
_ஒரு வாசகர், ஆத்தூர்_

என் வீட்டுக்காரி இந்தப் பத்திரிகையை வரி விடாமல் படிக்கிறவள். அடுத்த கேள்விக்குப் போவோம்.

ஹெட்டை நன்றாகச் சீவிவிட்டால் கம்ப்ரஷன் ஏறிப் பவர் கூடும் என்கிறார்கள். எவ்வளவு சீவலாம்?
_டூவீலர் மெக்கானிக், ஓமலூர்_

ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல்மூடி. எவ்வளவு சீவலாம் என்று கண்ணால் சொல்ல முடியாது, தண்ணி ஊற்றிப் பார்க்க வேண்டும். தண்ணி என்று வாய்வழக்கில் சொல்கிறேன், நான் ஊற்றுவது கொஞ்சம் கலர் கலந்த மண்ணெண்ணெய். எனக்குத் தெரிந்த சேகோ ஆலைக்காரர் லேபில் சும்மா கிடந்த ப்யூரெட் (அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) ஒன்றைக் கொடுத்தார். ஹெட்டைக் கவிழ்த்து, வால்வு, பிளக் எல்லாம் மாட்டி, சேம்பர் (எரிபொருள் எரியும் குழி) வாய்மேல் ஓட்டை போட்ட அக்ரிலிக் தகடை கிரீஸ் தடவி ஒட்டி, ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக நிரப்ப வேண்டும். கடைசிக் காற்றுக் குமிழியை வெளியேற்றுவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

இதில் ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 325 சிசி. கம்ப்ரஷன் 9.5 என்றால், அதாவது கலவை 9.5 மடங்கு அமுங்கினால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் 38.2 சிசி, 10.5 வேண்டுமென்றால் 34.2. வெறும் 4 சிசிதான் வித்தியாசம், ஒரு ஸ்பூன்கூட நிறையாது. என் ஹெட்டில் மூன்றாவது சேம்பர் மட்டும் மற்றவற்றைவிட 0.8 சிசி பெரிதாக இருந்தது. அளக்காமல் விட்டிருந்தால் மூன்று சிலிண்டர் 10.5, ஒன்று 10.3 என்று நொண்டியிருக்கும். மற்ற மூன்றையும் அதற்குச் சமமாகத் தேய்த்துவிட்டு, அப்புறம்தான் அடிப்பரப்பைச் சீவும் ஃபேசிங்குக்கு அனுப்பினேன்.

சீவினால் இரண்டு பின்விளைவு உண்டு. ஹெட் கீழே இறங்கினால் பெல்ட் தூரம் குறைந்து கேம் டைமிங் (வால்வு திறக்கும் நேரம்) கொஞ்சம் பின்தங்கும். வால்வும் பிஸ்டனுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றிக் கழற்றி, வால்வு பதிந்த இடத்தை பிளேடால் அறுத்துத் தடிமனை அளந்துவிடுங்கள். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மிச்சம் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

பழைய கன்ராடு போல்ட்டையே திரும்பப் போடலாமா?
_அதே ஓமலூர் வாசகர்_

லாரிக்குப் போடுகிறார்கள், தெரியும். இதற்குக் கூடாது. கன்ராடு என்பது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு. 6000 சுற்றில் ஓடும் எஞ்சினை 7500-க்கு ஏற்றினால் வேகம் கூடுவது கால் பங்கு, போல்ட்டை இழுக்கும் விசை கூடுவதோ பாதிக்கும் மேல், 56 சதவீதம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு வெள்ளிக் கம்பி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இழுத்த கம்பி திரும்பச் சுருங்குமா? போல்ட்டும் ஓர் அளவு வரைதான் ஸ்பிரிங், அதைத் தாண்டிவிட்டால் வெறும் கம்பி. மாட்டும் முன் நீளத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை பிரிக்கும்போது 0.025 மி.மீ. நீண்டிருந்தாலே குப்பையில் போடுங்கள். மரையிலும் தலைக்கு அடியிலும் எண்ணெய் இடாமல் முறுக்காதீர்கள். நாம் ரெஞ்சில் போடும் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது, போல்ட்டை இழுக்க மிஞ்சுவது ஒரு பங்கு.

ஒருமுறை கட்டிய எஞ்சினை ஏன் மறுபடி பிரித்தீர்கள்? என்ன கோளாறு?
_ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்மாப்பேட்டை_

கோளாறு எஞ்சினில் இல்லை சார், என்னிடம்தான்.

கோவை செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வேக்கு டிரெய்லரில் கொண்டுபோயிருந்தோம். ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். ஓட்டியது என் அக்கா மகன். ஐந்தாறு சுற்று முடித்து உள்ளே வந்தவன், "மாமா, நீளமான வளைவுல ஆயில் ஊசி தூங்குது. நேரா வந்தா எந்திரிச்சிக்குது" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கேஜ் வயர் லூஸா இருக்கும், நீ போ." முப்பது வருஷ அனுபவம் பேசியது அது. போனான். மூன்றாவது சுற்றில் சத்தம் பிட் வரைக்கும் கேட்டது. இரும்புச் சட்டியில் கொட்டாப்புளியால் தட்டுவதுபோல டொக் டொக் டொக்.

பிரித்தால் மூன்றாவது கன்ராடின் பேரிங் செம்பு தெரியத் தேய்ந்து, இருந்த இடத்தைவிட்டு உருண்டிருந்தது. கிராங்க் ஜர்னல் நீலம் பாரித்துவிட்டது. பக்கத்து பேரிங்குகளும் தேய ஆரம்பித்திருந்தன.

காரணம் ரொம்ப எளிது. எடை குறைந்த கார், ஒட்டும் டயர். வளைவில் பக்கவாட்டு விசை ஒரு ஜி வரை போகிறது. ஒரு ஜி (எடைக்குச் சமமான விசை) என்றால் சம்புக்குள், அதாவது எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்குள், ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். வீட்டுக் காரில் அப்படி வளைத்தால் உள்ளே இருப்பவர்கள் கத்துவார்கள், அதனால் யாரும் வளைப்பதில்லை. அந்த சம்பை வடிவமைத்தவர்கள் மேல் தப்பே இல்லை. ஆயில் எல்லாம் ஒரு சுவரில் ஏறிக்கொள்ள, பம்புக்கு ஆயில் கொண்டுபோகும் பிக்-அப் குழாயின் வாய் காற்றை உறிஞ்சுகிறது. பேரிங்குக்கு ஆயில் படலம் இல்லாவிட்டால் ஓரிரு விநாடி போதும்.

வீட்டுக்கு வந்ததும் கழற்றிய சம்பை வைஸில் பிடித்து, பிக்-அப் குழாயை அதன் இடத்தில் வைத்து, மூன்றரை லிட்டர் ஆயில் ஊற்றி, மெதுவாகச் சாய்த்தோம். முப்பது டிகிரி தாண்டியதும் குழாயின் வாய் பளபளவென்று வெளியே தெரிந்தது. என் அக்கா மகன் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை.

மருந்து: சம்புக்குள் பிக்-அப்பைச் சுற்றி நாலு பக்கமும் தகட்டுச் சுவர், ஒவ்வொன்றிலும் உள்பக்கமாக மட்டும் திறக்கும் சின்னக் கதவு. ஆயில் உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. ஓடையில் மீன் பிடிக்க வைக்கும் பறிக்கூடையின் சூட்சுமம்தான். வெல்டிங் செய்த தம்பி சேகோ ஆலைத் தொட்டிகளுக்கு வெல்டிங் வைப்பவர், ஒரு துளி கசியாது. கதவுகளைக் கையால் தட்டித் தட்டி நூறு தடவை பார்த்தேன். பொறித் துகள் ஒன்று உள்ளே தங்கினாலும் அது நேராக ஆயில் பம்புக்குத்தான் போகும், அதனால் சம்பை மூன்று முறை கழுவினேன். கிராங்குக்குக் கீழே ஒரு தடுப்புத் தகடும் வைத்தோம். அதே வைஸில், அதே மூன்றரை லிட்டர், 45 டிகிரியில் பத்து விநாடி பிடித்தோம். வாய் முங்கியே இருந்தது. ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் போட்டால் இன்னும் நல்லது, ஆனால் வீட்டுக்காரி படிக்கிறாள்.

அப்புறம், டாஷ்போர்டில் ஒரு பெரிய சிவப்பு விளக்கும் மாட்டியிருக்கிறது. ஆயில் அழுத்தம் ஆயிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ வேண்டும் என்பது பழைய கணக்கு. 40-க்குக் கீழே போனால் எரியும்படி வைத்திருக்கிறோம். அதை மாட்டியவன் அக்கா மகன், நான் இல்லை.

காப்பித் தோட்டத்தில் பழைய ஜிப்சி ஓடுகிறது. அதே 1.3 எஞ்சின்தானே, உங்கள் கேமை அதிலும் போட்டால் மலையேற நன்றாக இருக்குமா?
_வாசகர், ஏற்காடு_

கெட்டுப்போகும் ஐயா. ரேஸ் கேம் 4500 சுற்றுக்கு மேலேதான் கண் விழிக்கும். உங்களுக்கு வேண்டியது கொண்டை ஊசியில் முதல் கியரில் மூட்டையோடு ஏறும் இழுவை. போதாக்குறைக்கு, நீங்கள் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள். எங்களைவிட உங்களுக்குக் காற்றின் அடர்த்தியே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு, பவரும் அதற்கேற்பக் குறையும். கார்புரேட்டர் வண்டி என்றால் கீழே சரியாக இருக்கும் கலவை மேலே கெட்டியாகிவிடும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் மிகுந்துவிடும். பிளக் கறுப்படைந்தால் ஜெட்டைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள், வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள். அதுவே போதும்.

புது எஞ்சினை ஏற்காடு மலைப்பாதையில் ஓட்டிப் பழக்கலாமே? இருபது கொண்டை ஊசி வளைவும் இலவசம்!
_பெயர் வேண்டாம் என்றவர், கோரிமேடு_

பெயர் வேண்டாம் என்றதிலேயே பதில் தெரிகிறது. அந்த வளைவில் எதிரே வருவது பஸ். நம் காருக்கு நம்பர் பிளேட்டும் கிடையாது. ஆர்சி புத்தகம் உள்ள வண்டியாக இருந்தாலும், அதில் எழுதியிருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது. டிராக்குக்கு டிரெய்லரில்தான் போகும்.

பழக்கும் முறை கேட்டால்: பிளக்குகளைக் கழற்றி, ஆயில் ஊசி எழும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றவிட வேண்டும். பற்றவைத்ததும் ஐடிலில் உறுமவிடாமல் 2000 சுற்றில் இருபது நிமிஷம். பிறகு டிராக்கில் பாதி ஆக்ஸிலரேட்டரில் இழுப்பது, விட்டுவிட்டுத் தானாக வேகம் குறையவிடுவது, இப்படி மாற்றி மாற்றி. ரிங் சிலிண்டரோடு பொருந்த அழுத்தம் வேண்டும், தாலாட்டினால் பொருந்தாது. அன்றைக்கே ஆயிலை மாற்றி, ஃபில்டரை அறுத்துப் பாருங்கள்.

இப்போது கார் எப்படி இருக்கிறது?
_பல பேர்_

போன வாரம் கொட்டகையில் ஸ்டார்ட் செய்தோம். ஊசி 60-ல் நின்றது, சத்தம் சுத்தம். மறுநாள் காலை கீழே விரித்திருந்த அட்டையில் எட்டணா அளவுக்கு ஓர் எண்ணெய்ப் பொட்டு. சம்ப் வெல்டிங் இல்லை, தடவிப் பார்த்துவிட்டேன். பின்பக்க கிராங்க் சீல். இருநூறு ரூபாய் சாமான், ஆனால் அதைத் தொட எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யாராவது கை கொடுக்க வந்தால் தட்டுவடை செட் வாங்கித் தருகிறேன்.