வாசகர் கேள்வி பதில்: வெஸ்ட்மின்ஸ்டரில் (பிரிட்டன் நாடாளுமன்றத்தில்) வாக்கு எண்ணும் விதம்

கே: 'கட்சி விப்பைப் பறித்தது' என்று லண்டன் செய்திகளில் வருகிறதே, அந்த எம்.பி.யின் பதவி போய்விடுமா? (வாசகர், தஞ்சாவூர்)

ப: போகாது. இந்தியாவில் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால், 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே பறிபோகலாம். பிரிட்டனில் அப்படியொரு சட்டம் கிடையாது. அங்கே விப் என்பது கொறடாவையும் குறிக்கும், அவர் வாராவாரம் அனுப்பும் அலுவல் தாளையும் குறிக்கும், கட்சியின் நாடாளுமன்றக் குழுவில் ஒருவருக்குள்ள இடத்தையும் குறிக்கும். பறிக்கப்படுவது கடைசியாகச் சொன்னது. எம்.பி. சுயேச்சையாக அவையில் தொடர்வார். ஆனால் தேர்தலுக்குள் விப் திரும்பக் கிடைக்காவிட்டால் கட்சிச் சீட்டு இல்லை. அடி அங்கேதான் விழுகிறது.

அந்தத் தாளில் அலுவலுக்குக் கீழே மூன்று கோடு போட்டிருந்தால் வந்தே ஆக வேண்டும், கட்சி சொன்னபடி வாக்களித்தே ஆக வேண்டும். 2019 செப்டம்பரில் பிரெக்சிட் வாக்கெடுப்பில் அரசை எதிர்த்த 21 ஆளுங்கட்சி (கன்சர்வேடிவ்) எம்.பி.க்கள் விப்பை இழந்தார்கள். கென்னத் கிளார்க், பிலிப் ஹாமண்ட் என்ற இரு முன்னாள் நிதியமைச்சர்களும் அதில் அடக்கம். அடுத்த மாதமே 10 பேருக்குத் திரும்பக் கிடைத்தது.

கே: டிவிஷன் மணி அடித்த பிறகு என்ன நடக்கும்? (வாசகி, யாழ்ப்பாணம்)

ப: காமன்ஸ் என்ற கீழவையில் முதலில் குரல் வாக்கு. இரு தரப்பும் விடாமல் குரல் கொடுத்தால் சபாநாயகர் டிவிஷன், அதாவது ஆள் எண்ணும் வாக்கெடுப்பு, அறிவிப்பார். மணி கட்டடம் முழுக்க ஒலிக்கும், பக்கத்து மதுக்கடைகள் சிலவற்றிலும் ஒலிக்கும். எட்டு நிமிடத்தில் லாபி எனப்படும், அவையை ஒட்டிய நடைகூடங்களின் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஓடி வந்தும் பயனில்லை. ஆதரிப்பவர்கள் சபாநாயகரின் வலப்பக்க லாபி வழியாகவும் எதிர்ப்பவர்கள் இடப்பக்க லாபி வழியாகவும் நடந்து போக வேண்டும். தரப்புக்கு இருவராக டெல்லர்கள் (வாக்கு எண்ணும் எம்.பி.க்கள்) நின்று எண்ணுவார்கள். அவர்கள் வாக்கு கணக்கில் சேராது. ஒரு தரப்புக்கு டெல்லர் கிடைக்காவிட்டால் டிவிஷனே இல்லை, மறுதரப்பு வென்றதாகிவிடும். முடிவை உரக்கப் படிப்பவர் வென்ற தரப்பின் டெல்லர். அதனால் தாள் யார் கையில் என்று பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும்.

கே: 'பேர்' போடுவது என்றால் என்ன? (வாசகர், மதுரை)

ப: பேர் (pair) என்றால் ஜோடி. ஆளும் தரப்பில் ஒருவர், எதிர்த்தரப்பில் ஒருவர், இருவருமே வாக்களிக்காமல் இருப்பதாகக் கொறடாக்கள் பேசிக்கொள்ளும் ஏற்பாடு அது. வெறும் வாய்ச்சொல்தான், மீறினாலும் வாக்கு செல்லும். 2018 ஜூலையில் பிரசவத்துக்குப் பின் வீட்டிலிருந்த எதிர்த்தரப்பு எம்.பி. ஜோ ஸ்வின்சனுக்குப் பேராக இருந்த ஆளுங்கட்சியின் பிராண்டன் லூயிஸ் வாக்களித்துவிட்டார். பெரிய கண்டனம் எழுந்தது. மகப்பேறு காலத்தில் இன்னொரு எம்.பி. மூலம் வாக்களிக்கும் முறை 2019 ஜனவரியில் வந்தது. முன்பே வந்திருக்க வேண்டிய திருத்தம் அது.

வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு மதிப்பிருந்தது என்பதற்கு 1979 மார்ச் 28 சான்று. பிரதமர் காலகனின் லேபர் கட்சி அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். லேபர் எம்.பி. ஆல்ஃபிரட் பிராட்டன் நோய் முற்றிப் படுத்திருந்தார். ஆம்புலன்ஸில் நாடாளுமன்ற வளாகத்துக்குள் கொண்டுவந்துவிட்டால், லாபிக்குள் நடக்காமலே வாக்கை எண்ணிக்கொள்ள வழக்கத்தில் இடமுண்டு. ஆனால் அந்தப் பயணம் உயிருக்கே ஆபத்து. லேபர் துணைக் கொறடா வால்டர் ஹாரிசன் பேர் கேட்டார். நம்பிக்கை வாக்கெடுப்புக்குப் பேர் பொருந்தாது என்ற கன்சர்வேடிவ் துணைக் கொறடா பெர்னார்ட் வெதரில், வேண்டுமானால் தானே வாக்களிக்காமல் இருப்பதாகச் சொன்னார். அப்படிச் செய்திருந்தால் வெதரிலின் அரசியல் வாழ்வே அதோடு முடிந்திருக்கும். ஹாரிசன் அதை ஏற்கவில்லை. 311-க்கு 310 என்று ஒரே வாக்கில் அரசு கவிழ்ந்தது.

கே: எம்.பி. ராஜினாமா செய்ய முடியாதாமே? (வாசகர், சென்னை)

ப: காமன்ஸ் அவையின் 1624 தீர்மானப்படி முடியாது. நிதியமைச்சரிடம் சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ் அல்லது நார்த்ஸ்டெட் மேனர் என்ற பெயரளவுப் பதவியைக் கேட்டு வாங்க வேண்டும். அரச பதவி ஏற்றதும் எம்.பி. தகுதி போய்விடும். 2016-ல் டேவிட் கேமரன் இரண்டாவதையும், 2023-ல் போரிஸ் ஜான்சன் முதலாவதையும் பெற்று விலகினார்கள். அறிவிப்பு வேறு, நியமனம் வேறு. 2023 ஜூனில் 'உடனடியாக விலகுகிறேன்' என்று அறிவித்த கன்சர்வேடிவ் எம்.பி. நாடின் டோரிஸுக்கு நியமனம் ஆகஸ்ட் கடைசியில்தான் நடந்தது. அதுவரை அவர் எம்.பி.தான், இடைத்தேர்தலும் அறிவிக்க முடியவில்லை.