கேள்வி-பதில்: சிரியாவின் ஷரா மாறிவிட்டாரா, இல்லை வேடமா?

கேள்வி: தலைக்கு ஒரு கோடி டாலர் அறிவித்து அமெரிக்கா தேடிய ஒருவர், 2025 நவம்பரில் வெள்ளை மாளிகைக்கே விருந்தாளியாகப் போனார். சிரியாவின் இடைக்கால அதிபர் அஹ்மத் அல்-ஷரா உண்மையிலேயே மாறிவிட்டாரா, இல்லை எல்லாம் வேடமா? கல்லூரிக் கருத்தரங்கில் இதைப் பற்றிப் பேச வேண்டும். செய்திகளைப் படிக்கும்போது எதை வைத்து முடிவுக்கு வருவது? (அரசியல் அறிவியல் முதுகலை மாணவி, திருச்சி)

பதில்: "மாறிவிட்டாரா" என்பதை முதலில் ஓரமாக வையுங்கள். அவர் மனதில் என்ன இருக்கிறது என்பது டமாஸ்கஸில் இருக்கும் நிருபருக்கே தெரியாது, திருச்சியிலிருந்து நமக்கு எப்படித் தெரியும்? அவர் யாரைப் பகைத்துக்கொள்ளத் துணிகிறார், யாரைத் தொடத் தயங்குகிறார் என்பது மட்டும் வெளியே தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

ஆயுதம் ஏந்திய இஸ்லாமிய இயக்கங்கள் ஆட்சியை நெருங்கும்போது மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். உயிரைக் கொடுக்கத் தயாரான போராளிகளைத் திரட்டித் தருவது கொள்கைப் பிடிப்பு. ஆள்வதற்கு வேண்டியவை வேறு: சம்பளம் போடப் பணம், எல்லையைத் திறந்துவைக்கும் அண்டை நாடு, அந்தக் கொள்கையை ஏற்காத மக்களின் ஒத்துழைப்பு. இவற்றைத் தேடிப் போனால் பழைய தோழர்கள் துரோகி என்பார்கள். தோழர்களைத் திருப்திப்படுத்தினால் இவை கிடைக்காது.

ஷராவின் பாதையில் இது நன்றாகவே தெரியும். ஜோலானி என்ற பெயரில் இருந்த அவரை 2011இல் இராக்கிலிருந்து சிரியாவுக்கு அனுப்பியவர், பின்னாளில் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) அமைப்பின் தலைவராக அறியப்பட்ட அபூபக்கர் அல்-பக்தாதி. 2013இல் பக்தாதி, ஷரா சிரியாவில் நடத்திவந்த நுஸ்ரா முன்னணியைத் தன் அமைப்போடு இணைக்கப் பார்த்தபோது, மறுத்துவிட்டு அல் காய்தாவின் தலைவர் ஜவாஹிரியிடம் பைஅத் (விசுவாச உறுதிமொழி) செய்தார். 2016இல் அல் காய்தாவையும் விட்டு விலகினார். 2017 ஜனவரியில் வேறு குழுக்களையும் சேர்த்து ஹயாத் தஹ்ரீர் அல்-ஷாம் என்ற அமைப்பு உருவானது. சந்தர்ப்பவாதம் என்றால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் இரண்டு முறையும் அவர் கைவிட்டது வெளியிலிருந்த தலைமையை. சிரியாவில் தனக்கிருந்த பிடியை ஒருபோதும் விடவில்லை.

அப்புறம் இத்லிப், அந்த அமைப்பின் பிடியில் இருந்த வடமேற்கு சிரியப் பகுதி. இந்தப் பகுதியைத்தான் நீங்கள் நன்றாகப் படிக்க வேண்டும். 2017இல் அங்கே 'மீட்பு அரசு' என்று ஒரு சிவில் நிர்வாகம் அமைந்தது. பாப் அல்-ஹவா எல்லைக் கடவையில் வசூலான சுங்கம், எரிபொருள் வணிகத்தின் மீதான பிடி ஆகியவைதான் வருமானம். 2020இல் துருக்கி லிரா புழக்கத்துக்கு வந்தது. துருக்கி ராணுவம் உள்ளே வந்து கண்காணிப்புச் சாவடிகள் போட்டதையும் ஷரா அனுமதித்தார். மதச்சார்பற்ற நேட்டோ நாட்டின் படையா என்று கடும்போக்காளர்கள் கொதித்தார்கள். அல் காய்தா விசுவாசிகள் பிரிந்துபோய் ஹுர்ராஸ் அல்-தீன் என்ற அமைப்பைத் தொடங்க, பின்னாளில் அவர்களையே ஷராவின் ஆட்கள் சிறையில் தள்ளினார்கள். கொள்கையா, எல்லையா என்று வந்தபோது அவர் எல்லையைத் தேர்ந்தெடுத்தார். இதை ஜனநாயகம் என்று நினைத்துவிடாதீர்கள். சிறைச் சித்திரவதைகளை எதிர்த்து 2024இல் இத்லிப் மக்களே அவர் பதவி விலகக் கோரித் தெருவுக்கு வந்தார்கள்.

2024 நவம்பர் 27 அன்று ஷராவின் படைகள் தொடங்கிய தாக்குதலில் அலெப்போ, ஹமா, ஹோம்ஸ் வரிசையாக விழுந்தன. டிசம்பர் 8 அன்று டமாஸ்கஸ், அதோடு அதிபர் அசாத்தின் ஆட்சியும். சிக்கலின் அளவு அங்கேதான் பெரிதாகிறது. இத்லிப் மக்கள் பெரும்பாலும் சுன்னிகள். முழு சிரியாவில் அலவிகள் (அசாத் குடும்பத்தின் சிறுபான்மைப் பிரிவு), துரூஸ்கள் என்ற மதச் சிறுபான்மையினர், கிறிஸ்தவர்கள், குர்துகள் எல்லோரும் இருக்கிறார்கள்.

வெளிநாட்டுப் போராளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களை வெளியேற்ற வேண்டும் என்றது அமெரிக்கா. கழற்றிவிட்டால் ஐ.எஸ். பக்கம் போய்விடுவார்கள் என்பது புதிய அரசின் பயம். கடைசியில் சீனாவைச் சேர்ந்த உய்குர் முஸ்லிம்கள் உட்படப் பலரைப் புதிய ராணுவத்தின் ஒரு டிவிஷனில் சேர்த்துக்கொண்டார்கள், அமெரிக்காவும் ஒப்புக்கொண்டது. சட்டத்திலும் இதே இரட்டைப் பேச்சு. 2025 மார்ச் அரசியல் சாசனப் பிரகடனம் இஸ்லாமிய ஃபிக்ஹை (மதச் சட்டவியலை) சட்டத்தின் முதன்மை ஆதாரம் என்கிறது, மத நம்பிக்கைச் சுதந்திரமும் உண்டு என்கிறது. எனக்குப் பிடித்த உதாரணம் கடற்கரை. பொதுக் கடற்கரைகளில் பெண்கள் உடலை மூடும் நீச்சலுடை அணிய வேண்டும் என்று 2025 ஜூனில் உத்தரவு வந்தது, உயர்தர விடுதிகளுக்கு மட்டும் விலக்கு. முன்னது பழைய தோழர்களுக்கு, பின்னது முதலீட்டாளர்களுக்கு.

மற்ற இயக்கங்களோடு ஒப்பிட்டுப் பேசுங்கள், உரை வலுவாகும். ஹமாஸ் 2006 தேர்தலில் 132 இடங்களில் 74ஐ வென்றது. வன்முறையைக் கைவிட்டு இஸ்ரேலை அங்கீகரித்தால்தான் உதவி என்றன மேற்கு நாடுகள். அது மறுத்தது, உதவி நின்றது, அரசு ஊழியர் சம்பளம் முடங்கியது. 2007இல் காஸாவைத் தனியாகக் கைப்பற்றி, ஆட்சி, ஆயுதம் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டது. தலிபான்கள் வேறு திசையில் போனார்கள். 2022 மார்ச் 23 அன்று மேல்நிலைப் பள்ளிக்கு வந்த மாணவிகளை அன்றே திருப்பி அனுப்பினார்கள். காபூலில் சில அமைச்சர்களுக்கு அதில் உடன்பாடு இல்லை என்று செய்திகள் வந்தன, ஆனாலும் கந்தஹாரில் இருக்கும் தலைவரின் சொல்லே நின்றது. உலக அங்கீகாரம் தள்ளிப்போனாலும் இயக்கம் உடையக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு முட்டாள்தனமானதல்ல, இயக்கம் இன்னும் உடையவில்லை. விலையைக் கொடுப்பவர்கள் ஆப்கன் பெண்கள்.

ஷரா தொடத் தயங்குகிற இடம் அவருடைய சொந்த ஆயுதக் கூட்டம்தான் என்பது என் கணிப்பு. 2025 மார்ச்சில் கடலோரத்தில் அசாத் விசுவாசிகள் பாதுகாப்புப் படையினரைத் தாக்கியபின், அரசுத் தரப்புப் படையினர் உள்ளிட்டோரால் அலவி மக்கள் கொல்லப்பட்டார்கள். அரசு அமைத்த குழுவே 1,426 பேர் இறந்ததாகக் கணக்குச் சொன்னது. ஜூலையில் துரூஸ்கள் வாழும் சுவைதாவிலும் ரத்தம் சிந்தியது. வாஷிங்டனைச் சமாதானப்படுத்துவது இதைவிடச் சுலபம், அங்கே கைகுலுக்கினால் போதும். தனக்காகப் போரிட்டவரைக் கூண்டில் ஏற்றித் தண்டித்தால் அடுத்த சண்டைக்கு யார் வருவார்கள் என்ற கேள்வி வரும்.

அதனால் உங்கள் உரைக்கு வெளிநாட்டுப் பயணப் படங்களை விட்டுவிட்டு ஒரு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரக் கொலைகள் தொடர்பான விசாரணை 2025 நவம்பரில் அலெப்போவில் பொதுமக்கள் பார்க்கத் தொடங்கியது. அசாத் தரப்பினரோடு அரசுத் தரப்புப் படையினரும் அதில் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். எந்தத் தரப்புக்கு என்ன தண்டனை, மேலதிகாரி யாராவது சிக்குகிறாரா, தண்டனை நிறைவேறுகிறதா என்று தொடர்ந்து குறித்து வாருங்கள்.