டிரைவரில் எஃப்எக்ஸ்ஏஏ போட்டால் கேமில் தெரியும் படிக்கட்டு விளிம்புகள் போய்விடுமா?

கேள்வி: நான் ஆடும் பழைய கேம் ஒன்றில் கூரை, வேலி, கம்பி எல்லாமே படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிகின்றன. கேமின் செட்டிங்ஸில் ஆன்டி-ஏலியசிங் (விளிம்புகளை மழுக்கும் வசதி) என்று எதுவும் இல்லை. கிராபிக்ஸ் கார்டின் கண்ட்ரோல் பேனலில் எஃப்எக்ஸ்ஏஏ என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால் சரியாகிவிடுமா?

பதில்:

பாதி சரியாகும். எந்தப் பாதி என்று தெரியாமல் ஆன் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

நானும் ஒரு பழைய கேமுக்காகத்தான் அந்தப் பேனலைத் திறந்தேன். அதில் கூரை விளிம்பெல்லாம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். எஃப்எக்ஸ்ஏஏ போட்டதும் பல் மழுங்கிவிட்டது, வேகமும் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில், அந்தக் கேமுக்கு மட்டும் என்று போடாமல், எல்லாவற்றுக்கும் பொதுவான பக்கத்தில் ஆன் செய்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து வேறொரு கேமில் துப்பாக்கியில் மிச்சமிருப்பது 3 தோட்டாவா 8 தோட்டாவா என்று தெரியவில்லை. இன்னொரு மென்பொருளின் மெனு எழுத்துகள் எண்ணெய்க் கை பட்ட கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போல இருந்தன. மானிட்டரைச் சந்தேகப்பட்டேன். கேபிளை மாற்றினேன். கண்ணைப் பரிசோதிக்கலாமா என்றுகூட யோசித்தேன். பேனலில் நான் போட்ட அந்த ஒரு டிக் நினைவுக்கு வர ஒரு வாரம் ஆனது.

எஃப்எக்ஸ்ஏஏ என்பது ஒரு வடிகட்டி. பூசி மெழுகும் வேலைதான் செய்கிறது. இதைத் திட்டாகச் சொல்லவில்லை, அதன் வேலையே அதுதான். கேம் முழுப் படத்தையும் வரைந்து, அதன் மேல் வரைபடம், தோட்டா எண்ணிக்கை, வசனம் எல்லாம் ஒட்டி முடித்த பிறகுதான், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் கைக்குப் படம் வருகிறது. அதற்கு எது கூரை, எது எழுத்து என்று தெரியாது. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களில் வெளிச்சம் சட்டென்று மாறினால் அது விளிம்பு, அவ்வளவுதான். எழுத்து என்பதே வெளிச்சம் சட்டென்று மாறும் விளிம்புகளின் கூட்டம்தானே! கேமுக்குள்ளேயே எஃப்எக்ஸ்ஏஏ இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. செய்தவர்கள் முதலில் காட்சியை மெழுகிவிட்டு, அப்புறம்தான் எழுத்துகளை ஒட்டுவார்கள். அதே வடிகட்டிதான், ஓடும் இடம் வேறு.

சரி, இந்தப் படிக்கட்டு எங்கிருந்து வருகிறது? கார்டு ஒவ்வொரு பிக்சலிடமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறது: உன் நடுப்புள்ளி கூரைக்குள் இருக்கிறதா, வானத்தில் இருக்கிறதா? கூரை என்றால் முழுக் கறுப்பு, வானம் என்றால் முழு வெள்ளை. விளிம்பு அந்தப் பிக்சலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனாலும் 'பாதிக்குப் பாதி' என்ற பதிலுக்கு இடமில்லை. அதனால் சாய்வான கோடு படியாக உடைகிறது.

முறையான வைத்தியம், கூடுதல் புள்ளிகளில் கேட்பது. படத்தையே 4 மடங்கு பிக்சல்களில் வரைந்து சுருக்கினால் அது எஸ்எஸ்ஏஏ. 1920×1080 திரையில் 20,73,600 பிக்சல்கள். 4 மடங்கு என்றால் 82,94,400, அதாவது முழு 4கே படத்தை வரையும் உழைப்பு. அந்தச் செலவைக் குறைக்க வந்தது எம்எஸ்ஏஏ. 'உள்ளேயா வெளியேயா' என்பதை மட்டும் பிக்சலுக்கு 4 இடங்களில் கேட்கும், நிறத்தைப் பிக்சலுக்குள் விழும் ஒரு முக்கோணத்துக்கு ஒரு முறைதான் கணக்கிடும் (கேமின் உருவங்கள் எல்லாம் முக்கோணங்களால் ஆனவை). அருமையான ஏற்பாடு. ஆனால் காட்சியின் நிறம், ஆழம், பரப்பின் திசை எல்லாவற்றையும் முதலில் நினைவகத்தில் தனித்தனித் தாங்கிகளில் எழுதி வைத்துக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தைப் பிறகு கணக்கிடும் முறைக்குப் பல கேம்கள் மாறின. அந்தத் தாங்கிகள் ஒவ்வொன்றையும் 4 மடங்காக்கினால் நினைவகமும் வேகமும் தாங்கவில்லை. அதனால் பலர் எம்எஸ்ஏஏ-வையே விட்டுவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் முடிந்த படத்தின் மேல் வேலை செய்யும் வடிகட்டிகள் வந்தன. 2009-இல் இன்டெல்லின் அலெக்சாண்டர் ரெஷெடோவ் எம்எல்ஏஏ என்ற முறையை வெளியிட்டார். அது முதலில் கிராபிக்ஸ் கார்டில் அல்ல, சாதாரணச் செயலியில் ஓடியது. 2010-இல் ப்ளேஸ்டேஷன் 3-க்கு வந்த காட் ஆஃப் வார் 3 இந்த வகை வடிகட்டியைப் பயன்படுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் ரேடியான் எச்டி 6800 வரிசையோடு ஏஎம்டி இதை டிரைவரிலேயே ஒரு தேர்வாகக் கொடுத்தது. என்விடியாவில் டிமோத்தி லாட்டஸ் எழுதியது எஃப்எக்ஸ்ஏஏ. 2012-இல் அதுவும் டிரைவர் பேனலுக்குள் வந்தது.

இவை உள்ளே என்ன செய்கின்றன என்பதை ஒரே ஒரு படியை வைத்துப் பார்க்கலாம். கீழே கறுப்புக் கூரை, மேலே வெள்ளை வானம். லேசாகச் சாய்ந்த விளிம்பு. 8 பிக்சலுக்கு ஒரு முறை ஒரு பிக்சல் உயரம் ஏறுகிறது. வடிகட்டி ஒரு பிக்சலில் நின்றுகொண்டு, விளிம்போடு இடப்பக்கமும் வலப்பக்கமும் நடந்து, படி எங்கே முடிகிறது என்று தேடும். இரண்டு முனையும் கிடைத்துவிட்டால் படியின் நீளம் 8 என்று தெரியும். அப்போது உண்மையான கோடு, படியின் ஒரு முனையின் பாதி உயரத்திலிருந்து மறுமுனையின் பாதி உயரத்துக்குச் சாய்வாகப் போயிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறது. அந்த ஊகக் கோட்டின்படி, மேலே ஏறும் முனையை நெருங்கும் 4 வெள்ளைப் பிக்சல்களில் முறையே சுமார் 6, 19, 31, 44 சதவீதம் கறுப்பைக் கலக்கும். ஏறி முடித்த அடுத்த படியின் தொடக்கத்தில் உள்ள 4 கறுப்புப் பிக்சல்களில் 44, 31, 19, 6 என்று வெள்ளையைக் கலக்கும். தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது நேர்கோடு.

இதில் ஒரு சின்னக் கிளைக்கதை. 44 சதவீதக் கறுப்பு என்பதை 0-விலிருந்து 255 வரையுள்ள பிக்சல் எண்களில் நேராகக் கலந்தால் 143 வரும். ஆனால் இந்த எண்கள் வெளிச்சத்துக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. உண்மையான வெளிச்ச அளவில் கலந்து மீண்டும் எண்ணாக மாற்றினால் சுமார் 198. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் பாருங்கள். விளிம்பைத் தேடும்போது பிக்சல் எண்களையும், கலக்கும்போது வெளிச்ச அளவையும் பயன்படுத்துவதுதான் சரி. இதைக் கவனிக்காமல் கலந்தால், எல்லாம் ஆன் ஆகியிருந்தும் விளிம்பில் ஒரு அழுக்குக் கோடு மிஞ்சும்.

இந்த ஊகம் வேலிக்கும் பொருந்தும் என்பது உங்களுக்கு லாபம். பழைய கேம்களில் கம்பிவேலியும் மர இலையும் பெரும்பாலும் தட்டையான அட்டையில் ஓட்டை போட்ட படங்கள். ஓட்டையின் விளிம்பு முக்கோணத்துக்கு உள்ளே இருப்பதால் சாதாரண எம்எஸ்ஏஏ அதைத் தொடாது. வடிகட்டிக்கு அந்தப் பாகுபாடு கிடையாது, கண்ணில் பட்ட எல்லா விளிம்பையும் மெழுகும்.

கம்பியில்தான் வண்டி நின்றுவிடும். தூரத்து மின்கம்பி ஒரு பிக்சலைவிட மெல்லியதாக இருந்தால், சில பிக்சல்களின் நடுப்புள்ளியில் படும், சிலவற்றில் படாது. படத்தில் அது கம்பியாகவே இருக்காது, வரிசையாகச் சில கறுப்புப் புள்ளிகளாக இருக்கும். நடுவில் விட்டுப்போனதை வடிகட்டி எங்கிருந்து கொண்டுவரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். நீங்கள் நடக்கும்போது அந்தப் புள்ளிகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறும், வடிகட்டி ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாக மெழுகும், கம்பி அறுந்து அறுந்து ஒட்டும். ஈரத் தரையிலும் உலோகத்திலும் மினுமினுக்கும் புள்ளிகளுக்கும் இதே கதைதான். அதனால்தான் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பார்த்து வடிகட்டிக்கு மதிப்பெண் போடுபவர்களை நான் நம்புவதில்லை. நின்று பார்த்தால் எல்லாமே அழகு. நாலு அடி நடந்து பார்த்தால்தான் சாயம் வெளுக்கும்.

'அப்படியானால் புதுக் கேம்களில் இருக்கும் டிஏஏ, டிஎல்ஏஏ மாதிரி ஒன்றை டிரைவரில் போட முடியாதா?' என்று அடுத்து கேட்பீர்கள். முடியாது. அவை ஒவ்வொரு ஃபிரேமிலும் கேமராவைப் பிக்சலின் ஒரு துளி அளவுக்கு நகர்த்தி, முந்தைய ஃபிரேம்களின் தகவலைச் சேர்க்கின்றன. எந்தப் பொருள் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்ற கணக்கைக் கேம்தான் கொடுக்க வேண்டும். கேம் கொடுக்காததை டிரைவர் கண்டுபிடிக்காது.

எஃப்எக்ஸ்ஏஏ-வா, வேறா என்றால், என் ஓட்டு எஸ்எம்ஏஏ-வுக்கு. 2012-இல் ஹோர்ஹே ஹிமெனெஸும் சகாக்களும் வெளியிட்டது. ஸ்பெயினின் சரகோசா பல்கலைக்கழகமும் கேம் நிறுவனமான கிரைடெக்கும் இதில் பங்குபெற்றன. விளிம்பைக் கண்டுபிடிப்பது, கலக்கும் அளவைக் கணக்கிடுவது, கலப்பது என்று 3 கட்டமாக வேலை செய்யும். மூலை எது, சாய்வு எது என்று கொஞ்சம் பிரித்துப் பார்ப்பதால் எழுத்துகளை அவ்வளவாகச் சிதைப்பதில்லை. எஃப்எக்ஸ்ஏஏ-வில் விளிம்பு வேலைக்கு மேல், தனியாகத் துருத்தும் பிக்சல்களை அக்கம்பக்கத்தோடு கரைக்கும் இன்னொரு அளவும் உண்டு. அதன் வழக்கமான மதிப்பு 0.75. படம் முழுக்க லேசாகக் கண்ணீர் கோத்த மாதிரி தெரிவதில் அதன் பங்கு பெரியது. டிரைவர் பேனலில் அதைக் குறைக்க இடமில்லை, ஆன் அல்லது ஆஃப் மட்டும்தான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் வடிகட்டிப் பக்கமே போக மாட்டேன். பழைய கேம் என்றால் இன்றைய கார்டுக்கு அது பெரும்பாலும் தூசு. என்விடியாவில் டிஎஸ்ஆர், ஏஎம்டி-யில் விஎஸ்ஆர் என்று ஒரு வசதி இருக்கிறது. இரண்டும் 2014-இல் வந்தவை. திரையைவிடப் பெரிய படமாகக் கேமை வரைய வைத்து, டிரைவர் அதைச் சுருக்கித் தரும். டிஎஸ்ஆரில் 4.00 மடங்கைத் தேர்ந்தெடுத்தால் திரையின் ஒரு பிக்சலுக்குச் சரியாக 4 பிக்சல் கிடைக்கும். அப்போது 33 சதவீதத்தில் இருக்கும் ஸ்மூத்னஸை, அதாவது சுருக்கும்போது மங்கலாக்கும் அளவை, 0-க்கு இறக்கிவிடலாம். கம்பிக்குக் கொஞ்சமாவது உயிர் வருவது இதில்தான், ஏனென்றால் நிஜமாகவே கூடுதல் புள்ளிகளில் கேட்கிறீர்கள். ஒரு வம்பு உண்டு: சில பழைய கேம்களில் எழுத்தின் அளவு பிக்சல் கணக்கில் கட்டப்பட்டிருக்கும். 4 மடங்கில் அவை எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடும்.

அப்படி ஆனால், அல்லது கார்டு திணறினால், ரீஷேட் என்ற இலவசக் கருவியில் எஸ்எம்ஏஏ போடுங்கள். அளவுகளை நீங்களே ஏற்றி இறக்கலாம். ஆனால் இணையத்தில் மற்றவர்களோடு மோதும் கேம்களில் இதைப் போடுவதற்கு முன் அந்தக் கேமின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து நுழையும் கருவி எதுவானாலும், ஏமாற்று வேலையைத் தடுக்கும் மென்பொருள் சந்தேகப்படலாம். ரீஷேடும் சரிப்படவில்லை என்றால் கடைசியாக டிரைவரின் எஃப்எக்ஸ்ஏஏ. புரோகிராம் செட்டிங்ஸ் பக்கத்தில், அந்தக் கேமுக்கு மட்டும். பொதுப் பக்கத்தில் கை வைக்காதீர்கள்.

மங்கலை ஈடுகட்டக் கூர்மையாக்கும் வடிகட்டி போடுவதாக இருந்தால் வரிசை முக்கியம். மெழுகல் முதலில், கூர்மை அப்புறம். மாற்றிப் போட்டால் கூர்மை வடிகட்டி ஒவ்வொரு படியின் ஓரத்திலும் இன்னும் பளிச்சென்று ஒரு கோடு கிழித்து வைக்கும், அதைத் தேய்க்க வரும் வடிகட்டி தோற்றுப்போகும். ரீஷேடில் பட்டியலின் மேலிருந்து கீழாக ஓடும் என்பதால், எஸ்எம்ஏஏ-வைக் கூர்மைக்கு மேலே இழுத்து வைத்தால் போதும்.

என் அந்தப் பழைய கேம் இப்போது டிஎஸ்ஆர் 4 மடங்கில், மேலே லேசான எஸ்எம்ஏஏ-வோடு ஓடுகிறது. கூரையும் வேலியும் சுத்தம். தெருக்கோடி மின்கம்பி மட்டும், ஓடும்போது ஓரிரு இடத்தில் இன்னும் அறுந்து ஒட்டுகிறது. நின்றுவிட்டால் தெரிவதில்லை.