வெளிநாட்டில் மருத்துவம் சேர்ந்து, கடைசிக் கட்டத்தை ஆன்லைனில் படித்து முடித்த இந்திய மாணவர்களுக்கு ஏன் இரண்டு வருட இன்டர்ன்ஷிப்?

கையால் கற்க வேண்டியது விடுபட்டுப் போனதால்தான்.

2020 மார்ச்சில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமே மாணவர்களின் வார்டு பயிற்சியை நிறுத்திவைக்கச் சொன்னது. மாஸ்க் கூடப் போதாத நேரம், சரியான முடிவு. அந்த இடத்துக்கு ஜூம் வந்தது.

சில விஷயங்கள் திரையில் நன்றாகவே வரும். இசிஜி, எக்ஸ்ரே படிப்பது அப்படி. ஒரு மூத்த மருத்துவர் நான்கைந்து பேரிடம் "இந்த நெஞ்சுவலிக்காரரிடம் அடுத்து என்ன கேட்பாய்?" என்று துருவினால், நெரிசலான ரவுண்ட்ஸைவிட அது ஆழமாகப் போகும்.

ஆனால் மண்ணீரல் வீக்கம்? நோயாளியை மூச்சை இழுக்கச் சொல்லி, வலது அடிவயிற்றிலிருந்து இடது விலா நோக்கி விரல்களை மெல்ல நகர்த்த வேண்டும். வீங்கிய மண்ணீரல் மூச்சோடு இறங்கிவந்து விரல் நுனியில் முட்டும். அதை எந்த மூத்த மருத்துவராலும் கேமராவில் காட்ட முடியாது.

கொரோனாவாலோ உக்ரைன் போராலோ இறுதியாண்டில் நாடு திரும்பி, 2022 ஜூன் 30-க்குள் பட்டம் பெற்றவர்கள், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வில் தேறியபின், ஒரு வருடத்துக்குப் பதில் இரண்டு வருடம் பயிற்சி பெற வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் சொன்னது இதனால்தான். கடன் வாங்கிப் படிக்கவைத்த குடும்பங்களுக்கு அந்தக் கூடுதல் வருடம் பெரும் சுமை. உதவித்தொகையாவது மாதம் தவறாமல் கிடைத்தாக வேண்டும்.