அத்தானுக்கும் மைத்துனருக்கும் நடுவில் டிரம்ப்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். என் மனைவியின் தம்பி டெக்சாஸில் இருக்கிறார். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, 2020-இல் முதல்முறையாக ஓட்டுப் போட்டார், டிரம்ப்புக்கு. ஞாயிறு காலை வீடியோ காலில் கூடுவது எங்கள் வீட்டு வழக்கம். எங்கு ஆரம்பித்தாலும் பேச்சு அந்தத் தேர்தலில் வந்து நிற்கிறது. தோற்றது தெரிந்தே டிரம்ப் மோசடி என்று புளுகினார் என்பது என் கட்சி. "அத்தான், அவர் மனசுக்குள்ள நீங்க பூந்து பாத்தீங்களா? ஜெயிச்சதா நம்பித்தான் சொன்னார். நம்பிச் சொன்னா அது எப்படிப் பொய்யாகும்? அன்னிக்கு நானும்தான் நம்பினேன்" என்பது அவர் கட்சி. டிவியில் பைடனைப் பார்த்து "இந்த ஆள்கிட்டயா நான் தோத்தேன்" என்று டிரம்ப் சொன்னதாக அவருடைய ஊழியரே சாட்சி சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னால், "கோபத்துல யார்தான் என்ன சொல்லமாட்டாங்க" என்கிறார். போன மாதம் நான் பொறுமை இழந்து "பொய்யனுக்கு வக்காலத்து வாங்காதே மாப்பிள்ளை" என்றேன். அழைப்பைத் துண்டித்தவர்தான், மூன்று ஞாயிறாகப் பேசவில்லை. வீட்டில் எனக்குக் காபி மட்டும் கிடைக்கிறது, பேச்சு இல்லை. யார் சொல்வது சரி? இந்த விவகாரத்தில் டிரம்ப் மேல் போட்ட 45 பக்கக் குற்றப்பத்திரிகை என்னிடம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா?
பெயர் வேண்டாம், தஞ்சாவூர்.

பதில்: உங்களுக்குப் பிடிக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பிரம்மாஸ்திரமாக வைத்திருக்கும் அந்த "இந்த ஆள்கிட்டயா தோத்தேன்" அவ்வளவு பலமான சாட்சி இல்லை. அதைச் சொன்ன அலிஸா ஃபாரா வெள்ளை மாளிகையில் தகவல் தொடர்புப் பிரிவின் இயக்குநராக இருந்தவர், அவரை நான் நம்புகிறேன். ஆனால் சீட்டாட்டத்தில் தோற்றவனைப் பார்த்திருப்பீர்கள். "போயும் போயும் இவன்கிட்டயா தோத்தேன்" என்று தலையில் அடித்துக்கொள்வான். அடுத்த நிமிஷமே "கலைச்சதுல ஏதோ கோல்மால்" என்பான். இரண்டையுமே மனதாரத்தான் சொல்வான். டிரம்ப் 2024 செப்டம்பரில் ஒரு பேட்டியில் மயிரிழையில் தோற்றதாகச் சொன்னார். சில நாள் கழித்து கமலா ஹாரிஸோடு நடந்த விவாத மேடையில் அதைப் பற்றிக் கேட்டதும், கிண்டலுக்குச் சொன்னேன் என்றுவிட்டார். வாய்தவறி விழுந்த வார்த்தைகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒருவர் மனதை நிரூபிக்கப் பார்த்தால், உங்கள் மைத்துனருக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

நீங்கள் வங்கியில் இருந்தவர். வாய்ச்சொல்லை விடுங்கள், கையெழுத்தைப் பார்ப்போம்.

ஜார்ஜியா மாநிலத்தில் டிரம்ப் தோற்றது 11,779 ஓட்டில். அங்கே 2020 டிசம்பரில் அவர் தரப்பு மாநில நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டது. செத்தவர்கள் பெயரில் 10,315 ஓட்டு, தண்டனைக் குற்றவாளிகள் 2,560 பேர், பதிவே செய்யாதவர்கள் 2,423 பேர் என்று எண்கள் கொடுத்தார்கள். இவை உண்மை என்று டிரம்ப் உறுதிமொழிக் கையெழுத்தும் போட்டிருந்தார். மாதக் கடைசியில் அதே எண்களோடு ஃபெடரல், அதாவது மத்திய, நீதிமன்றத்துக்கும் போக வேண்டியிருந்தது. அப்போது, டிசம்பர் 31-ஆம் தேதி, அவருடைய வழக்கறிஞர் ஜான் ஈஸ்ட்மன் சக வழக்கறிஞர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். அந்த எண்களில் சில தவறு என்பது முதல் கையெழுத்துக்குப் பிறகு அதிபருக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டது, தெரிந்தபின் அவர் புதிதாக உறுதிமொழி கொடுப்பது சரியாக இருக்காது என்பது அதன் சாரம். எழுதியவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை, டிரம்ப்புக்காகவே ஓடிக்கொண்டிருந்தவர். அப்படியும் டிரம்ப் கையெழுத்துப் போட்டார். தனக்குக் கொடுக்கப்பட்ட தகவலை நம்பியே சொல்வதாக ஓர் அடிக்குறிப்பை வழக்கறிஞர்கள் சேர்த்துக்கொண்டார்கள். கொடுக்கப்பட்ட தகவலோ, எண்கள் தப்பு என்பதுதான்!

2022 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் நீதிபதி டேவிட் கார்ட்டர் இந்த மின்னஞ்சல்களைப் படித்துவிட்டு, எண்கள் தவறு என்று தெரிந்தும் டிரம்ப் அவற்றை நீதிமன்றத்திலும் மக்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எழுதினார். நேர்மையாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மின்னஞ்சல்களைப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழுவிடம் கொடுக்க வேண்டுமா என்ற வழக்கில் வந்த கருத்து அது. சாட்சிகளைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்து வந்த தீர்ப்பு அல்ல. (செத்தவர் கணக்கு கடைசியில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? மாநிலம் முழுக்கத் தேடியதில் நான்கு ஓட்டு.)

வவுச்சரில் தொகை தப்பு என்று தெரிந்து கையெழுத்துப் போட்ட மேலாளர், "மொத்தத்தில் வங்கி நன்றாக நடக்கிறது என்று நம்பினேன் சார்" என்று ஆடிட்டரிடம் சொன்னால் நீங்கள் விட்டிருப்பீர்களா?

ஆனாலும் உங்கள் மைத்துனருக்கு இன்னும் ஒரு கதவு திறந்திருக்கிறது. எண் தவறாக இருக்கட்டும், மோசடி நடந்தது என்ற பெரிய விஷயத்தை டிரம்ப் நம்பினார் என்பார். அது இருக்கக்கூடிய ஒன்றுதான். அந்தக் கதவு வழியாகத்தான் டிரம்ப் அந்த இரண்டு மாதமும் வெளியேறிக்கொண்டே இருந்தார். அமெரிக்க அரசின் நீதி அமைச்சகத்தில் அப்போது இரண்டாம் நிலையில் இருந்த ரிச்சர்ட் டோனஹூ சாட்சியத்தில் சொன்னது இது: ஒரு புகாரை எடுத்து, இது இதனால் பொய் என்று நேரடியாகச் சொன்னால் டிரம்ப் அதற்காகச் சண்டை போடமாட்டார், அடுத்த புகாருக்குப் போய்விடுவார். டிசம்பர் 27-ஆம் தேதி பேச்சில் டோனஹூ எடுத்த கைக்குறிப்பில், தேர்தல் ஊழல் என்று மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை என்னிடமும் குடியரசுக் கட்சி எம்.பி.க்களிடமும் விட்டுவிடுங்கள் என்று டிரம்ப் கேட்டது பதிவாகியிருக்கிறது.

இதோடு அந்த அமைச்சகத்தின் தலைவராக, அதாவது அட்டர்னி ஜெனரலாக, இருந்த வில்லியம் பார் சொன்னதையும் வைத்துப் பாருங்கள். டிரம்ப்பே நியமித்தவர். முடிவை மாற்றும் அளவுக்கு மோசடி எதையும் பார்க்கவில்லை என்று 2020 டிசம்பர் 1-ஆம் தேதியே செய்தி நிறுவனத்திடம் சொன்னவர். இதையெல்லாம் டிரம்ப் நிஜமாகவே நம்பினால் அவர் நடப்புலகத்தை விட்டு விலகிவிட்டார் என்று அர்த்தம் என்றார் பார். அதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். என்னை நிறுத்தியது அவர் சொன்ன இன்னொரு வாக்கியம். சில புகார்கள் எவ்வளவு கிறுக்குத்தனமானவை என்று எடுத்துச் சொன்னபோதெல்லாம், உண்மையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் டிரம்ப்பிடம் தென்படவே இல்லையாம்.

என் முடிவு இதில்தான் இருக்கிறது. ஒரு விஷயத்தை நம்புகிறவனுக்கு அது உண்மையா என்ற கவலை இருக்கும். தெரிந்து பொய் சொல்கிறவனுக்கும் இருக்கும், எங்கே உண்மை வெளியே வந்துவிடுமோ என்று. டிரம்ப்பிடம் இரண்டுமே இல்லை. நான் ஜெயித்தேன் என்பது அவருக்குத் தகவலே அல்ல, பிடித்த பிடி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவனிடம் போய், மனசுக்குள் நான்கு எண்ணினாயா மூன்று எண்ணினாயா என்று கேட்பதில் பயனில்லை. அவன் எண்ணவே இல்லை. நீங்களும் மைத்துனரும் வருஷக்கணக்காக அவன் எண்ணிய எண்ணிக்கையைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள்.

எண்ணாமலே சொல்வது அவருக்குப் புதிதும் அல்ல. 2016 பிப்ரவரியில் அயோவாவில் சொந்தக் கட்சிக்குள் நடந்த போட்டியில் டெட் க்ரூஸிடம் தோற்றதும், க்ரூஸ் ஜெயிக்கவில்லை, திருடிவிட்டார் என்றார். அதே வருஷம் நவம்பரில் அதிபராக ஜெயித்தபிறகும், ஹிலாரி கிளின்டனுக்கு நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு கூடுதலாக விழுந்தது பொறுக்காமல், லட்சக்கணக்கானோர் சட்டவிரோதமாக ஓட்டுப் போட்டார்கள் என்றார். அதை விசாரிக்க 2017 மே மாதம் அவரே அமைத்த ஆணையம் எதையும் நிரூபிக்காமல் 2018 ஜனவரியில் கலைக்கப்பட்டது. 2020 ஆகஸ்ட் 17-ஆம் தேதி விஸ்கான்சினில் ஆஷ்காஷ் என்ற ஊரில், தேர்தலில் தில்லுமுல்லு நடந்தால்தான் நாம் தோற்போம் என்று பேசினார். ஆடத் தெரியாதவள் ஆடி முடித்துவிட்டுக் கூடம் கோணல் என்பாள். இவர் சலங்கை கட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில்தான் உங்கள் இருவருக்குமே குழப்பம். சிறப்பு அரசு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித் 2023 ஆகஸ்ட் 1-ஆம் தேதி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, டிரம்ப்புக்குத் தன் கூற்றுகள் பொய் என்று தெரியும் என்கிறதுதான். ஆனால் அதே பத்திரிகை தொடக்கத்திலேயே இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறது: தேர்தலைப் பற்றிப் பேசும் உரிமை, மோசடியால்தான் தோற்றேன் என்று பொய்யாகச் சொல்லும் உரிமைகூட, எல்லா அமெரிக்கர்களையும் போல அவருக்கும் உண்டு. வழக்கு வாய்ப்பேச்சுக்காக இல்லை, செய்த வேலைக்காக. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பக்கத்து வயல்காரன் வரப்பை நகர்த்திவிட்டான் என்று நீங்கள் உளமார நம்பலாம். சர்வேயரைக் கூப்பிடலாம், கோர்ட்டுக்குப் போகலாம். டிரம்ப் தரப்பும் 60-க்கு மேற்பட்ட வழக்குகள் போட்டது, ஏறக்குறைய அத்தனையும் தோற்றது, அதில் தவறில்லை. கோர்ட் கைவிரித்தபின் கள்ளப் பத்திரம் தயாரித்தால், நிலம் என்னுடையது என்றுதான் நம்பினேன் என்பது கள்ளப் பத்திரத்துக்குப் பதில் ஆகாது.

கள்ளப் பத்திரம் என்று நான் சொல்வது 2020 டிசம்பர் 14 விவகாரத்தை. அன்று தோற்றுப்போன 7 மாநிலங்களில் டிரம்ப் கட்சிக்காரர்கள் கூடி, நாங்களே இந்த மாநிலத்தின் எலெக்டர்கள் (மாநிலத்தின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுத்து ஓட்டுப் போடுகிறவர்கள்) என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்கள். பென்சில்வேனியாவிலும் நியூ மெக்சிகோவிலும் மட்டும், பின்னால் எங்கள் தேர்வு செல்லும் என்று முடிவானால் என்ற பொருளில் ஒரு நிபந்தனை வரியைச் சேர்த்துக்கொண்டார்கள். மற்ற ஐந்தில் அந்த வரி இல்லை. ஆக, சேர்க்க வேண்டும் என்ற யோசனை சிலருக்காவது இருந்திருக்கிறது.

பிறகு 2021 ஜனவரி 2-ஆம் தேதி, ஜார்ஜியாவில் தேர்தல் பொறுப்பில் இருந்த மாநிலச் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கரோடு ஒரு மணி நேரத் தொலைபேசிப் பேச்சு. அவரும் குடியரசுக் கட்சிக்காரர்தான். அங்கே ஓட்டுகளை மூன்று முறை எண்ணி முடித்திருந்தார்கள், ஒரு முறை கையாலேயே. உங்களிடம் இருக்கும் தகவல் தவறு என்று டிரம்ப்பின் முகத்துக்கு நேராகச் சொன்னார். டிரம்ப் கேட்டது 11,780 ஓட்டுகளைக் கண்டுபிடிக்கச் சொல்லி. வித்தியாசத்தைவிடச் சரியாக ஒன்று அதிகம். திருட்டுக் கொடுத்தவன் போனது எல்லாம் வேண்டும் என்பான். தேவையான தொகையை மட்டும் கணக்காகக் கேட்பவனை வங்கிக் கவுன்டரில் நீங்கள் எப்படிப் பார்த்திருப்பீர்கள்?

இதையெல்லாம் ஒரு ஜூரி கேட்டு முடிவு சொல்லியிருந்தால் உங்கள் வீட்டுச் சண்டைக்கு ஒரு தீர்ப்பாவது கிடைத்திருக்கும். 2024 ஜூலை 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதிபர்களின் அலுவல்பூர்வச் செயல்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து பெரிய பாதுகாப்புக் கொடுத்தது. நவம்பரில் அவர் மறுபடி ஜெயித்தார், அந்த மாதமே ஃபெடரல் வழக்கு தள்ளுபடியானது. தண்டனை வாங்கப் போதுமான ஆதாரம் இருந்தது என்று ஸ்மித் தன் இறுதி அறிக்கையில் எழுதினார். அது வழக்கு நடத்தியவரின் கருத்து, தீர்ப்பு இல்லை.

இப்போது உங்கள் மைத்துனர். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது: "அன்னிக்கு நானும்தான் நம்பினேன்." நீங்கள் அதற்குப் பதிலே சொல்லவில்லை. அவர் டிரம்ப்புக்கு வக்கீலாக இல்லை சார், தனக்கு வக்கீலாக இருக்கிறார். நம்பிச் சொன்னது பொய்யில்லை என்று அவர் வாதாடுவது, முதல் ஓட்டைப் போட்டுவிட்டு இரவு முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவருக்காக.

அன்று இரவு அவர் நம்பியதில் மடத்தனம் எதுவும் இல்லை. பென்சில்வேனியாவில் 6.9 லட்சம் ஓட்டு முன்னிலை என்று நள்ளிரவுக்குப் பின் டிரம்ப்பே வெள்ளை மாளிகையில் நின்று சொன்னார். கடைசியில் அங்கே பைடன் சுமார் 80,000 ஓட்டில் ஜெயித்தார். பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எப்படி இருக்கும்? காரணம் சாதாரணமானது. தபால் ஓட்டுகளைத் தேர்தல் நாள் காலைக்கு முன் பிரிக்கவே கூடாது என்பது அந்த மாநிலச் சட்டம். கொரோனா காலத்தில் தபாலில் ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் பைடன் ஆதரவாளர்கள், ஏனென்றால் தபால் ஓட்டையே நம்பாதீர்கள் என்று டிரம்ப் மாதக்கணக்கில் சொல்லிவந்தார். எண்ண எண்ண முன்னிலை கரைந்தது. டெக்சாஸில் சோபாவில் இருந்த உங்கள் மைத்துனருக்கு இதை யாரும் விளக்கவில்லை. டிரம்ப்புக்கு விளக்க ஆள் இருந்தது. அட்டர்னி ஜெனரல் நேரில் வந்து சொன்னார், மாநிலச் செயலர் தொலைபேசியில் சொன்னார். உங்கள் மைத்துனருக்கு அட்டர்னி ஜெனரலா போன் போட்டார்? இருவர் நம்பிக்கையும் ஒரே ரகம் இல்லை. இதை நீங்களே அவரிடம் சொன்னால், தன்னைப் பொய்யன் கோஷ்டியில் சேர்க்கவில்லை என்று அவருக்குப் புரியும். அதற்கப்புறம் டிரம்ப்பை அவர் எங்கே வைத்துக்கொள்கிறார் என்பது அவர் பாடு.

குற்றப்பத்திரிகையை அனுப்ப வேண்டாம். மூன்று வாரம் பேசாதவரிடமிருந்து முதலில் வருவது 45 பக்கம் என்றால், அதைச் சமாதானக் கொடி என்று யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். நமக்கு ஞாயிறு காலை என்றால் அவருக்குச் சனி ராத்திரி, சாப்பிட்டு ஓய்ந்திருப்பார். போனை உங்கள் மனைவி போடட்டும், முதல் ஐந்து நிமிஷம் அவரே பேசட்டும். உங்கள் முறை வரும்போது, "அன்னிக்குச் சொன்னது உன்னை இல்ல மாப்பிள்ளை" என்று ஆரம்பியுங்கள். பிறகு, அவர் முதல் ஓட்டு எந்தச் சாவடியில் போட்டார், எவ்வளவு நேரம் வரிசையில் நின்றார், கூட யார் போனார்கள் என்று கேளுங்கள். இத்தனை வருஷச் சண்டையில் அதை நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.