அந்தப் பையன் ‘அத்தை’ என்று கூப்பிடுகிறான்

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். எனக்கு 43 வயது. பிறந்தது தங்கச்சிமடம், வாக்கப்பட்டது பாம்பன். எனக்கு ஒரே தம்பி. 38 வயதாகிறது, விசைப்படகில் தொழிலுக்குப் போகிறான். அப்பா இறந்த பிறகு என்னையும் தங்கையையும் கரைசேர்த்தது அவன்தான். எத்தனையோ இடத்தில் பெண் பார்த்தோம், எதுவும் அமையவில்லை. இப்போது மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கிற ஒருத்தியைக் கட்டிக்கொள்ளப் போகிறேன், ஆவணியில் கல்யாணம் என்கிறான். அவள் புருஷன் கடலுக்குப் போய் எட்டு வருடம் ஆகிறது. ஆளும் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஒன்பது வயதில் ஒரு பையன் வேறு. இதை எனக்குச் சொன்னது தம்பி இல்லை, ஏலக்கூடத்தில் மீன் எடுக்க வந்த ஒரு ஆள். அப்பா வாங்கிய 6 சென்ட் இடமும் வீடும் இருக்கிறது. யாரோ பெற்ற பிள்ளைக்கா தம்பியின் உழைப்பெல்லாம் போக வேண்டும்? போன மாதம் இருவரையும் அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான். பையன் என்னை ‘அத்தை’ என்றான். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து தம்பி என்னோடு பேசுவதில்லை. நான் என்ன தப்பு செய்தேன்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாம்பன்

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட முடிந்தது. நான் முழுவதையும் மூன்று தடவை படித்தேன். உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரின் பெயரும் அதில் இருக்கிறது. தம்பி போகிற படகின் பெயர்கூட இருக்கிறது. அந்தப் பையனின் பெயர் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. ‘அவள் பிள்ளை’ என்கிறீர்கள், ‘அந்தப் பையன்’ என்கிறீர்கள், மூன்றாம் பக்கத்தில் ‘அது’ என்றே எழுதியிருக்கிறீர்கள்.

அந்த ‘அது’ எனக்குப் பழக்கமானது. நான் தனுஷ்கோடியில் பிறந்தவள். அப்பா அங்கே ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கினார். தலைமன்னார் கப்பலுக்கு வருகிற பயணிகளின் பெட்டிகளைச் சுமந்த கூலியில்தான் எங்கள் குடும்பம் ஓடியது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயல் வந்தபோது நானும் அம்மாவும் ராமேஸ்வரத்தில் பாட்டி வீட்டில் இருந்தோம். அப்பா தனுஷ்கோடியிலேயே இருந்தார். எனக்கு அப்போது ஆறு வயது. அவர் உடலும் கிடைக்கவில்லை. அம்மா நாலு வருடம் தாலியைக் கழற்றாமல் இருந்தார். 1968இல் தங்கச்சிமடத்தில் ஒருவரைக் கட்டிக்கொண்டார். அவரை நான் அய்யா என்று கூப்பிட்டேன். என்னை ராமநாதபுரத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தது அவர்தான்.

அய்யாவுக்கு ஓர் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. தை, மாசியில் பனங்கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு வருவார். முற்றத்தில் உட்கார்ந்து தோலையும் நாரையும் உரித்துத் தன் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுப்பார். பிறகு என் அம்மாவைப் பார்த்து, “அதுக்கும் வேணுமா?” என்று கேட்பார். அவர் கெட்டவர் இல்லை. என்னை ஒருநாளும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. ஆனால் எதையும் என் கையில் நேராகக் கொடுத்ததில்லை, என் பெயரைச் சொன்னதில்லை. எனக்குப் பனங்கிழங்கு என்றால் உயிர். பதினோரு வயதுக்குள்ளேயே “வேண்டாம், வயிறு நிறைஞ்சிருக்கு” என்று சொல்லப் பழகிவிட்டேன்.

பிறகு அவர் மாறினார் என்று எழுத ஆசைதான். மாறவில்லை. 1991இல் அவர் இறந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. நீர்மாலை எடுக்க உறவுக்காரப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, “நீ ஏன்மா இப்படி அழுகிற?” என்று கேட்டார். இருபத்து மூன்று வருடம் நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிட்டேன். ஒரு தடவையாவது “என்னம்மா” என்று திரும்பிப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். இதை நான் எழுத்தில் சொல்வது இதுதான் முதல் தடவை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அக்காவிடம் சொல்லாமல், ஏலக்கூடத்து ஆள் மூலம் செய்தி வரும்படி விட்டது தம்பியின் தப்பு. அதை அவனிடம் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல்லுங்கள். அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கோபம் தம்பியிடம் போகாமல், ஒன்பது வயதுப் பிள்ளையிடம் போய்விட்டது. யாரோ அவனுக்கு “இவங்க உனக்கு அத்தை” என்று சொல்லிக்கொடுத்து அழைத்து வந்திருக்கிறார்கள். வழியெல்லாம் அவன் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பான். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

‘ஆம்பளைகளோடு வள்ளத்தில் ஏறிப் போகிறவள்’ என்று அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு வருத்தமாகிவிட்டது. கடற்கரைப் பெண்ணான நீங்களே இப்படி எழுதலாமா? தங்கச்சிமடத்திலிருந்து மண்டபம் வரை 36 வருடம் பள்ளிகளில் வேலை பார்த்தவள் நான். பாசி எடுக்கிற தாய்மார்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். விடியும் முன்னே சோறு பொங்கி வைத்துவிட்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டித் தீவுப் பக்கத்துப் பாறைகளில் முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிற வேலை அது. கையெழுத்துப் போட வரும்போது அவர்கள் விரல்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டுக் காயம் ஆறியிருக்காது, அதற்குள் அடுத்தது. எட்டு வருடம் அப்படி முங்கிப் பிள்ளையை வளர்த்தவள் உங்கள் தம்பியின் பணத்துக்காக வருகிறாள் என்று என்னால் நம்ப முடியவில்லை. விசைப்படகில் பங்குக்குப் போகிறவனிடம் எவ்வளவு மிஞ்சும் என்பது உங்களுக்கே தெரியும்.

சொத்துப் பயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா சொந்தமாக வாங்கிய இடம், உயில் எதுவும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தங்கை, தம்பி நான்கு பேருக்கும் சம பங்கு. தம்பி யாரைக் கட்டினாலும் உங்கள் பங்கு குறையாது. தாய் மறுமணம் செய்துகொண்டாள் என்பதற்காகப் பிள்ளை புதுத் தகப்பனுக்குத் தானாக வாரிசு ஆகிவிடுவதும் இல்லை. தம்பி முறைப்படி தத்தெடுத்தால்தான், அல்லது உயிலோ தானமோ எழுதினால்தான் அந்தப் பையனுக்கு அவனிடமிருந்து நேராக எதுவும் போகும். அது தம்பியின் பங்கு, தம்பியின் விருப்பம். உங்கள் மனம் ஆறட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சண்டையில் எடுத்து வீசுவதற்காக இல்லை.

‘நாளைக்கே அவள் புருஷன் வந்து நின்றால்?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்திலேயே கவனிக்க வேண்டிய கேள்வி இதுதான். ஒருவர் உயிரோடு இருப்பதாக, தெரிந்திருக்க வேண்டிய யாருக்கும் ஏழு வருடமாகத் தகவலே இல்லை என்றால், அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் அதே காரணத்தைச் சொல்லி விவாகரத்தும் கேட்கலாம். ஆனால் எட்டு வருடம் ஆகிவிட்டது என்று நாமாகவே தாலி கட்டிவிடக் கூடாது. நீதிமன்ற உத்தரவை வாங்கிவிட்டு, அப்புறம் கல்யாணம், கையோடு பதிவு. இல்லாவிட்டால் பின்னால் அந்தப் பெண்ணுக்கும் பையனுக்கும்தான் சிக்கல். ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் வைத்துக்கொடுப்பார்கள். ஆவணிக்குள் இதெல்லாம் முடியாமல் போகலாம். இதைத் தம்பிக்கு எடுத்துச் சொல்ல இப்போது அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? அம்மா வாயே திறப்பதில்லை என்கிறீர்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும். பேச்சு நின்றுபோன அக்காவாக இருந்துகொண்டு எப்படிச் சொல்வீர்கள்?

இது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். தம்பி கரையில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருப்பான். வீட்டுக்குக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டு அவன் இருக்கிற இடத்துக்குப் போங்கள். முதலில் உங்கள் வருத்தத்தைச் சொல்லுங்கள், பிறகு இந்தச் சட்ட விஷயம். அவன் பதினேழு வயதில் படகேறியது உங்கள் கல்யாணக் கடனுக்காக என்று நீங்களே இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை அவனிடம் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா?

அந்தப் பெண்ணை உங்களுக்குப் பிடித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு வருடக்கணக்கில் ஆகலாம். உங்களை ‘மதினி’ என்று கூப்பிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்குப் பதில் சொன்னால் போதும். பையன் விஷயத்தில் மட்டும் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கு இப்போதே ஒன்பது வயது.

இது நுங்குக் காலம். அடுத்த தடவை அம்மா வீட்டுக்குப் போகும்போது ஒரு குலை வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் பிள்ளைகளையும் அவனையும் ஒன்றாக உட்கார வைத்துச் சீவிக் கொடுங்கள். அவன் பெயரை அவனிடமே கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.